கோப்பு வைத்தால் வரலாறு செத்துவிடுமா?

நேப்பியர் பாலத்திலிருந்து சேப்பாக்கம் அரண்மனை வரை நடந்த அந்த மரபு நடையின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அரண்மனையின் ஒரு பகுதியான கலச மகாலின் முன் நின்றுகொண்டு, நவாபுகளோடு இதன் வரலாறு முடிந்தது, பிறகு குமாஸ்தாக்கள் வந்து குப்பையாக்கினார்கள் என்று வழிகாட்டி சொல்ல, கூட்டமும் சேர்ந்து சிரித்தது. பலர் அதைச் சிலாகித்துப் பகிர்ந்ததையும் பார்த்தேன்.

அவருக்குப் பின்னால் கம்பீரமாகத் தெரிகிறதே ஒரு கோபுரம், அது எந்த நவாபும் கட்டியதல்ல. 1768-இல் ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காக எழுந்த அரண்மனையில் அது கிடையாது. 1855-இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்து, ஆங்கில அரசு அந்தப் பட்டத்தையே ஒழித்து, ஏலத்துக்கு வந்த அரண்மனையைத் தானே எடுத்து அலுவலகங்களைக் குடியேற்றிய பிறகு, கலச மகாலுக்கும் அரண்மனையின் இன்னொரு பகுதியான ஹுமாயூன் மகாலுக்கும் நடுவே கட்டடக்கலைஞர் ராபர்ட் சிஷோம் எழுப்பியது அது. ஆக, குப்பையாக்கிய காலம் என்று இவர்கள் சிரித்த காலம் கட்டிவைத்துப் போனதைத்தான் பின்னணியாக வைத்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். வாழ்க!

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அந்தக் கரையில் எந்தக் கட்டடமும் கட்டிய வேலையோடு நின்றுவிடவில்லை, நின்றிருந்தால் இன்று இருந்திருக்காது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக அதே சிஷோம் கட்டி 1879-இல் முடித்த செனட் ஹவுஸில் 1937-இல் சட்டமன்றம் கூடியது. நவாபின் தோட்டத்தில் கிரிக்கெட் மைதானம் வந்தது. 1869-இல் கட்டிய நேப்பியர் பாலமே 2022-இல் செஸ் ஒலிம்பியாடுக்காகச் சதுரங்கக் கட்டங்களைப் பூசிக்கொண்டு நின்றது. அப்போது மட்டும் யாருக்கும் வரலாறு முடிந்துபோனதாகத் தோன்றவில்லை.

என் அப்பா அந்த அரண்மனை அலுவலகத்தில் வேலை பார்த்த குமாஸ்தாக்களில் ஒருவர். பள்ளி விடுமுறையில் என்னையும் சில நாள் அழைத்துச் செல்வார். வெளியே வெயில் கொளுத்தினாலும் அந்தத் தடித்த சுவருக்குள் குளுமையாக இருக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பியதும், யாரும் சொல்லாமலே ஒவ்வொரு மேசையிலும் தாள்களின் மேல் ஒரு கூழாங்கல் ஏறிவிடும். அப்பாவின் கல் கறுப்பு. மழை வந்தால் முதலில் எந்த மூலை ஒழுகும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒழுகும் முன்பே கோப்புகளை நகர்த்திவிட்டு, உடனே மேலே சொல்லி அனுப்புவார்கள். பழைய கட்டடத்துக்கு அதைவிடப் பெரிய காவல் வேறென்ன இருக்கிறது?

"2012 தீ விபத்து அலுவலகம் இருந்தபோதுதானே நடந்தது?" என்று கேட்கக் காத்திருக்கிறீர்கள், தெரியும். ஆமாம், அந்த ஜனவரியில் கலச மகால் எரிந்தது. தீயை அணைக்கப் போன அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். அதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் அது பராமரிப்பைப் பற்றிய கேள்வி. பக்கத்திலேயே ஹுமாயூன் மகாலில் ஆள் நடமாட்டம் நின்றபோது என்ன ஆயிற்று? கூரை சரிந்தது, சுவரில் மரம் வேர்விட்டது. எரிந்த மகாலைச் சீரமைத்ததும் அங்கே சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வந்தது, விளக்கு எரிகிறது, ஆட்கள் வருகிறார்கள். பொதுமக்கள் நினைத்தபோது உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்க முடியவில்லையே என்பவர்களுக்கு: நவாப் காலத்தில் மட்டும் உங்களையும் என்னையும் உள்ளே விட்டிருப்பார்களா?

"ஒரு நகைச்சுவைக்கு இவ்வளவு கோபமா?" என்றும் கேட்பீர்கள். கோபமில்லை. அந்த வழிகாட்டி மூச்சுக்கு மூச்சு 'மாமேதை' என்று புகழ்ந்தாரே, இந்த அரண்மனையை வடிவமைத்ததாகச் சொல்லப்படும் பால் பென்ஃபீல்டு, அவர் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்துகொண்டே நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்தவர். நவாபைக் கடனில் மூழ்கடித்தவர்களுள் அவரும் ஒருவர். வட்டிக்காரர் வரலாறாம், மாதச் சம்பளத்துக்கு அதே சுவருக்குள் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர் குப்பையாம். அப்பா இருந்திருந்தால் அந்தக் காணொளியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பார். எனக்கு அந்தப் பெருந்தன்மை வாய்க்கவில்லை.