யார் யாரை விட்டுப் போனது?

இலங்கைத் தமிழ்த் தலைவர் இரா. சம்பந்தன் ஐயா கடைசிவரை ஒரே கட்சியில் இருந்தவர் என்று அவரைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்கிறது. திருகோணமலைக்காரர் இதை அப்படியே விட மாட்டோம். 1977இல் அவர் வென்றது தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில். தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்ற ஆறாம் அரசியலமைப்புத் திருத்தச் சத்தியப்பிரமாணத்துக்கு இணங்காமல் 1983இல் ஆசனத்தை இழந்ததும் அந்தக் கட்சிக்காரராகத்தான். 2001இல் பல தமிழ்க் கட்சிகள் சேர்ந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானபோதும் சின்னம் சூரியனே.

அப்புறம்தான் பிரச்சினை. புலிகளைத் தமிழரின் ஏகப் பிரதிநிதிகளாக ஏற்கமாட்டேன் என்றார் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் ஆனந்தசங்கரி. விஷயம் நீதிமன்றம் வரை போனது. 2004 தேர்தலில் ஐயாவும் மற்றவர்களும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு வந்தார்கள். எங்கள் அம்மம்மா வாக்குச்சீட்டில் மேலும் கீழும் சூரியனைத் தேடிவிட்டு வந்து, "முதலே சொல்லித் துலைக்கிறதுக்கென்ன?" என்று எங்களை ஏசினார்.

சரி, இதில் கட்சியை விட்டவர் யார்? ஆனந்தசங்கரி இருந்த இடத்திலேயே இருந்தார், மற்றவர்கள்தான் வெளியே வந்தார்கள். ஆனால் 'பிரிந்து போனவர்' என்ற பெயர் அவருக்கு. அவருடைய அரசியல் எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் அந்த நேரத்தில் அப்படித் தனியே நிற்க நெஞ்சுரம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் சுயேச்சையாக நின்று தோற்றும் போனார்.

தெற்கில் இதே கதை வேறு மாதிரி: 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவைப் பதவி நீக்கக் குற்றப்பிரேரணையில் இறங்கிய அவருடைய ஐக்கிய தேசியக் கட்சிக்காரரான லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் கட்சியோடு ஆசனத்தையும் இழந்தார்கள்.

இன்னொன்று, அந்தத் தமிழரசுக் கட்சியே 1949இல் தந்தை செல்வா (எஸ்.ஜே.வி. செல்வநாயகம்) தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து வந்து தொடங்கியதுதானே? கட்டுரையில் அதைக் காணவில்லை.