மாதம் 18,750 டாலர் கைக்கு வராது

நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனங்களில் சேரும் முதலாண்டு வழக்கறிஞர் மாதம் 18,750 டாலரை வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. ஆண்டுக்கு 2,25,000 டாலர் என்பது 2023 நவம்பர் முதல் பல பெரிய நிறுவனங்கள் அறிவித்த அடிப்படைச் சம்பளம்தான். ஆனால் அது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. பகிர்ந்தவர் அதைப் 12ஆல் வகுத்ததோடு சரி.

மணமாகாதவர், நகருக்குள்ளேயே குடியிருப்பவர் என்று வைத்து 2024ஆம் ஆண்டுக் கணக்கை டாலரில் போடுவோம். கூட்டாட்சி வருமான வரி சுமார் 45,000. அரசு ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரி 10,453. மெடிகேர் எனும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான வரி சுமார் 3,490. மாநில வரி ஏறக்குறைய 13,000. வெளியூரார் மறந்துவிடும் நகர வரி தனியாக 8,300 அளவில். மிச்சம் மாதம் 12,000 டாலர் சொச்சம். ஓய்வூதியச் சேமிப்பு, மருத்துவக் காப்பீடு, கல்விக் கடன் தவணை எல்லாம் போனால் கையில் மிஞ்சுவது இன்னும் குறையும்.

அந்த ஆண்டு அக்டோபரில் கைக்கு வரும் மாதச் சம்பளம் திடீரென 1,160 டாலர் கூடியிருந்தால் அது ஊதிய உயர்வல்ல. சமூகப் பாதுகாப்பு வரி 2024இல் 1,68,600 டாலர் ஊதியத்தோடு நின்றுவிட்டது, ஜனவரியில் மறுபடி தொடங்கியது. போனஸில் கூட்டாட்சி வருமான வரியாக 22% மட்டும் பிடித்திருந்தால் மகிழ வேண்டாம்: இவரது வருமானத்தின் மேல்பகுதிக்கு விழும் விகிதம் 32%, மீதியை ஏப்ரலில் கட்ட நேரிடலாம்.