நோயை மறைத்தால் வேலை நிலைக்குமா?

பிரிட்டனில் வேலை பார்க்கும் நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டால் வீட்டில் தெரியும், கோயிலில் தெரியும், ஊரில் இருக்கும் மாமிக்குக்கூடத் தெரிந்துவிடும். வேலை கொடுத்தவருக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்ற பயம். நான் பார்த்தவரையில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். சொல்லாமல் இருந்ததால்தான் வேலை போகிறது.

வேலையிடத்தில் நான் தொழிற்சங்கப் பிரதிநிதி. வழக்கறிஞர் இல்லை. அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் ஆட்கள் என்னைத் தேடுவார்கள். 'உங்கள் வருகைப் பதிவு குறித்துப் பேச அழைக்கிறோம். கூட்டத்தின் முடிவில் நீங்கள் பணிநீக்கம் செய்யப்படலாம்' என்று அதில் இருக்கும். நான் முதலில் கேட்பது ஒன்றுதான். "இந்த நோய் இருப்பதை எழுத்தில் கொடுத்திருக்கிறீர்களா?" அநேகமாக எல்லோரும் சொல்லும் பதிலும் ஒன்றுதான். "இல்லை அக்கா, எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்."

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பொருந்தும். (வட அயர்லாந்தில் இன்னமும் 1995ஆம் ஆண்டுச் சட்டம்தான்.) வேலையிடத்தின் ஒரு விதியாலோ, கட்டட அமைப்பாலோ, உதவிக் கருவி இல்லாததாலோ மாற்றுத்திறனாளியான ஊழியர் மற்றவர்களைவிடக் கணிசமாகப் பாதிக்கப்பட்டால், அதைப் போக்க நியாயமான மாற்றங்களை முதலாளி செய்தாக வேண்டும். அந்தச் செலவை ஊழியர் தலையில் கட்டக் கூடாது. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இந்த உரிமை உண்டு; பரீட்சார்த்த காலத்தில் இருப்பவருக்கும் உண்டு. ஆனால் இதற்கு ஒரு வாசற்படி இருக்கிறது. ஊழியரின் நிலை முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்திருக்க வேண்டியது நியாயம் என்று காட்ட முடிய வேண்டும். நாம் வாயைத் திறக்காமல் இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை மிச்சம். "எங்களுக்குத் தெரியாது" என்ற ஒற்றை வரியிலேயே பாதி வழக்கை முடித்துவிடுவார்.

"மாற்றுத்திறனாளியா? நானா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சக்கர நாற்காலியும் வெள்ளைப் பிரம்பும் மட்டுமே அவர்கள் கண்ணில் நிற்கின்றன. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. உடலிலோ மனதிலோ உள்ள குறைபாடு, அற்பம் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு அன்றாட வேலைகளைப் பாதிக்க வேண்டும். 12 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும் அல்லது நீடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதிலும் மருந்து எடுக்காவிட்டால் இவர் எப்படி இருப்பார் என்றுதான் பார்க்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டு ஓடியாடி வேலை செய்கிறவரும், மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துச் சமாளிக்கிறவரும் இதற்குள் வரலாம். புற்றுநோய், எச்.ஐ.வி., நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் மூன்றும் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே சட்டப் பாதுகாப்புக்குள் வந்துவிடும். போரில் காயப்பட்டு, ஷெல் துண்டை இன்னமும் உடம்பில் சுமந்தபடி நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முதுகுவலி என்று மட்டும் சொல்லி லீவு எடுப்பார்கள். நடுச்சாமத்தில் திடுக்கிட்டு எழுந்து விடியும்வரை உட்கார்ந்திருப்பதைக் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் கூடப் போன ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கிடங்கில் இரவு வேலை. கையில் ஸ்கேனர், மணிக்கு இத்தனை பொருள் எடுக்க வேண்டும் என்று கணக்கு. அவர் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர். கிடங்குத் தளத்துக்குள் தின்பதற்கு எதையும் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. இடைவேளையோ இரண்டு மணிக்குத்தான். ஒரு மணி வாக்கில் அவருக்குச் சர்க்கரை இறங்கத் தொடங்கும். கை நடுங்கும், முதுகு வியர்வையில் நனையும், பெட்டியில் அச்சடித்த எண் இரண்டிரண்டாகத் தெரியும். சட்டைப் பையில் குளுக்கோஸ் மாத்திரை வைத்திருந்தால் விதிமீறல். அதனால் வரிசையின் கோடியில் ஒரு பலகைமேல் உட்கார்ந்துவிடுவார். ஸ்கேனர் அதை வேலை செய்யாத நேரமாகப் பதிந்துகொள்ளும். அடுத்த நாள் தலை தூக்க முடியாமல் லீவு. லீவு சேரச் சேர முதல் எச்சரிக்கை, கடைசி எச்சரிக்கை, பிறகு அந்தக் கடிதம்.

கூட்டத்தில் மேலாளர் ஒரு தாளை மேசைமேல் தள்ளினார். லீவு எடுத்த தேதிகள் மஞ்சள் நிறத்தில் இருந்தன. "விதி எல்லோருக்கும் ஒன்றுதான்" என்றார். இவர் இன்சுலின் போடுவது சூப்பர்வைசருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரிந்திருந்தது. சூப்பர்வைசரும் தமிழர்தான். "தம்பி, இதை ஆபீசில் சொல்லிவிடாதே, உனக்குத்தான் பிரச்சினை" என்று அக்கறையோடு சொல்லி, எங்கும் எழுதாமல் விட்டிருக்கிறார். மேற்பார்வை வேலையில் இருக்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தமிழில் காதோடு காதாகச் சொன்ன சங்கதிக்குக் கோப்பில் சாட்சி கிடையாது. நீங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால் அவர் நிலை என்ன?

மேலாளரிடம் அடுத்து இரண்டு கேள்விகள். ஊழியரின் உடல்நிலையையும் வேலையையும் சேர்த்துப் பார்க்கும் ஆக்யுபேஷனல் ஹெல்த் மருத்துவரிடம் அனுப்பினீர்களா? இல்லை. குளுக்கோஸ் மாத்திரைக்கு விலக்குக் கொடுத்துப் பார்த்தீர்களா? ஹெச்.ஆர். அலுவலர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு மேலாளரைப் பார்த்தார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பிறகு வந்த மருத்துவ அறிக்கை, எங்களுக்குத் தெரிந்ததையே நாகரிகமான ஆங்கிலத்தில் சொன்னது. மாத்திரை வைத்துக்கொள்ளலாம், தேவைப்படும்போது சில நிமிடம் உட்காரலாம், அந்த நிமிடங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, சர்க்கரை நோயால் எடுத்த லீவைத் தனியாகப் பதிய வேண்டும். இவ்வளவுதான். கம்பெனிக்குச் செலவென்று சொல்ல எதுவும் இல்லை. இதைச் செய்யாமல் ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள்.

பிறகு அவரைப் பகல் வேலைக்கு மாற்றினார்கள். உடம்புக்கு அது நல்லது. ஆனால் இரவுப்படி போயிற்று. அதைத் திரும்பப் பெற முடியவில்லை. இந்த இடத்தில் 2016இல் வந்த ஒரு தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஜி4எஸ் நிறுவனத்தில் முதுகு பாதிக்கப்பட்ட பவல் என்ற ஊழியரை இலகுவான வேலைக்கு மாற்றிவிட்டு, பிறகு சம்பளத்தில் 10 சதவீதத்தைக் குறைக்கப் பார்த்தார்கள். பழைய சம்பளத்தையே தொடர்வதும் நியாயமான மாற்றமாக இருக்கலாம் என்று வேலைவாய்ப்பு வழக்குகளுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. எல்லா வழக்கிலும் அப்படி வராது என்றும் சேர்த்தே சொன்னது. கேட்டுப் பார்ப்பதற்கு அது போதும்.

'விதி எல்லோருக்கும் ஒன்றுதான்' என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. சக ஊழியர்களும் "அவருக்கு மட்டும் எதற்குச் சலுகை?" என்று முணுமுணுப்பார்கள். நம் ஆட்கள்தான் இதில் முன்னணி என்பது என் வருத்தம். அவர்களுக்கு ஸ்காட்லாந்தின் ஃபைஃப் மாவட்டத்தில் தெருக்கூட்டும் வேலை செய்த சூசன் ஆர்ச்சிபால்டின் வழக்கைச் சொல்வேன். 1999இல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சையில் ஏற்பட்ட சிக்கலால் அவரால் நடக்க முடியாமல் போயிற்று. துடைப்பம் பிடிக்க இனி முடியாது. உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பயிற்சி எடுத்தார். அந்த வேலைகள் அவர் இருந்த நிலையைவிடச் சற்று உயர்ந்த தரம். ஆகவே எல்லோரையும்போலப் போட்டி நேர்முகத்தில் வென்றுதான் வர வேண்டும் என்றது கவுன்சில். நூற்றுக்கும் மேற்பட்ட பதவிகளுக்கு விண்ணப்பித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. 2001இல் வேலையிலிருந்து நீக்கினார்கள்.

எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினோம் என்பதுதான் கவுன்சிலின் வாதம். வழக்கு, அப்போது உச்ச நீதிமன்றத்தின் இடத்தில் இருந்த பிரபுக்கள் சபைவரை போயிற்று. 2004இல் தீர்ப்பு. இந்தச் சட்டத்தில் மாற்றுத்திறனாளிகளைக் கூடுதல் சலுகையோடு நடத்த வேண்டிய கடமையும் அடங்கியிருக்கிறது, போட்டி நேர்முகம் இல்லாமலே வேறு வேலைக்கு மாற்றுவதும் நியாயமான மாற்றமாக இருக்கலாம் என்று சொல்லி, வழக்கைத் தீர்ப்பாயத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு அது. இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கூட்டத்துக்குப் போகும்போது நிறுவனத்தின் காலியிடப் பட்டியலைக் கையோடு எடுத்துப் போகச் சொல்வது இதனால்தான்.

2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு பிரிவு, 15. பணிநீக்கத்தில் அதிகம் உதவுவது இதுதான் என்பது என் கணிப்பு. நோயால் வந்த விளைவுக்காக, அதாவது லீவுக்காகவோ வேகக் குறைவுக்காகவோ, ஒருவரைத் தண்டித்தால் அதற்குத் தகுந்த காரணம் இருந்ததென்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். இன்னொரு ஊழியரோடு ஒப்பிட்டுக் காட்டும் சுமை நமக்கு இல்லை. எளிய மாற்றம் ஒன்றைக்கூடச் செய்து பார்க்காதவர் அந்தக் காரணத்தைக் காட்டத் திணறுவார்.

எல்லாக் கதவும் இதனால் திறந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். நியாயம் என்று எடை போடும்போது செலவு, நிறுவனத்தின் அளவு, அந்த மாற்றத்தால் உண்மையில் பயன் உண்டா என்பதெல்லாம் வரும். நோயால் வராத காலம் முழுவதும் முழுச் சம்பளம் கொடு என்று கேட்ட வழக்கு 2007இல் தோற்றிருக்கிறது. எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகும் முடியாமல் போய், சட்டப்படியே வேலை போவதும் உண்டு. வாயைத் திறந்ததற்காக ஓரங்கட்டப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். உரிமை கேட்டவரைப் பழிவாங்குவது தனியான சட்டமீறல். அதை நிரூபிக்கவும் எழுத்துதான் வேண்டும்.

ஆகவே எழுதுங்கள். வேலைக்கான நேர்முகத்திலேயே கொட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. வேலை தருவதாக உறுதி சொல்லும்வரை உடல்நிலை பற்றிப் பொதுவாக அவர்கள் கேட்கவே கூடாது. சேர்ந்த பிறகு, வேலையில் சிரமம் தலைகாட்டும்போதே மேலாளருக்கும் ஹெச்.ஆருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அழகான ஆங்கிலம் தேவையில்லை. என்ன நோய், எவ்வளவு காலமாக, வேலையில் எது கடினமாக இருக்கிறது, எதை மாற்றினால் முடியும். நான்கு வரி. தேதி தானாகவே பதிவாகிவிடும். ஜி.பி. தரும் மருத்துவச் சான்றான ஃபிட் நோட்டில் படிப்படியாக வேலைக்குத் திரும்புதல், நேர மாற்றம், பணி மாற்றம், இட வசதி என்று நான்கு கட்டங்கள் இருக்கின்றன. பொருந்துவதைக் குறித்துத் தரும்படி ஜி.பி.யிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். யூனியன் ஆளையோ சக ஊழியரையோ அழைத்துப் போகலாம். உங்கள் நிலையைப் பொறுத்து வீட்டாரை அனுமதிக்கும்படி கேட்பதும் ஒரு மாற்றம்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அப்பாவுக்கு வேலை போகப்போகிறது என்பதை அந்தக் குழந்தை வாயால் சொல்ல வைக்க வேண்டுமா? கோபத்தில் ராஜினாமாக் கடிதமும் கொடுக்காதீர்கள். பணம் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒப்பந்தம் நீட்டினால், தனி ஆலோசகர் ஒருவர் உங்களுக்கு விளக்கிச் சொல்லாமல் அது செல்லாது. அவருக்கான கட்டணத்தை வழக்கமாக முதலாளியே கொடுப்பார்.

கடைசியாக நாள் கணக்கு. தீர்ப்பாயத்துக்குப் போக இப்போது கட்டணம் இல்லை. 2013இல் கொண்டுவந்த கட்டணத்தை 2017இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் போவதற்கு முன் ஏகாஸ் என்ற சமரச அமைப்பிடம் பதிய வேண்டும். சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்ற கணக்கையே மனதில் வையுங்கள். சட்டம் இந்தக் கெடுவை நீட்டினாலும் முந்திக்கொள்வதில் நட்டமில்லை. கம்பெனிக்குள் மேல்முறையீடு நடக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது. மேல்முறையீட்டின் முடிவு வரட்டும் என்று காத்திருந்தே, கையில் நல்ல வழக்கு இருந்தும் கெடுவைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.