இந்தக் குச்சியை நான் எங்கே போடுவது?

சத்தியமாகக் கேட்கிறேன், கல்யாணத்தில் சடங்குக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே, பானமும் துண்டு பலகாரமும் கொடுத்து நிற்கவைக்கிற இந்தக் காக்டெயில் ஹவர் யாருக்காக? விருந்தினருக்காக என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான்தான் அந்த விருந்தினர். நேற்று அந்த ஒரு மணி நேரத்தை நின்றே கழித்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரு மணி நேரம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. என் கடிகாரத்தில் ஒன்றே முக்கால்.

சடங்கு இருபது நிமிடத்தில் முடிந்தது. சம்மதம், மோதிரம், முத்தம், கைதட்டல். அத்தோடு பெண்ணும் மாப்பிள்ளையும் மாயம். யாரைப் பார்க்கப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தோமோ அவர்களைத் தவிர மற்ற எல்லோரும் அங்கே இருந்தார்கள். விசாரித்தால், படம் எடுக்கப் போயிருக்கிறார்களாம். சடங்குக்கு முன்னால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துவிடக் கூடாது என்று ஒரு பழைய நம்பிக்கை. அதனால் இருவரும் சேர்ந்து நிற்கிற படம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். போதாக்குறைக்கு, சூரியன் சாயும்போது வருகிற அந்த மஞ்சள் வெளிச்சம் கைநழுவிவிடக் கூடாது. போட்டோகிராபர்கள் அதைக் கோல்டன் ஹவர் என்கிறார்கள். அவர்களுக்குத் தங்கம், நமக்குக் காக்டெயில். இரண்டும் ஒரே ஹவர்தான் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

அதாவது நம்மை ஓர் ஓரமாக நிறுத்தி வைப்பதற்குப் பெயர் உபசரிப்பு. டாக்டர் வீட்டு வராந்தாவில்கூட நாற்காலி உண்டு, டோக்கன் உண்டு, மூன்று மாதத்துக்கு முந்தைய பத்திரிகை உண்டு. இங்கே அந்த நாற்காலிதான் இல்லை.

இல்லை என்றும் சொல்ல முடியாது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சடங்குக்கு வரிசை வரிசையாகப் போட்டிருந்த அதே நாற்காலிகளை எடுத்து, அதே கூடத்தில் சாப்பாட்டு மேசைகளைச் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கும் சேர்த்துத்தான் இந்த ஒரு மணி நேரமாம். நான் சற்று முன்புவரை உட்கார்ந்திருந்த நாற்காலி என் கண் முன்னாலேயே இரண்டு பேர் தோளில் ஊர்வலம் போனது. கிட்டத்தட்ட 140 பேர் அதை வழியனுப்புவதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் பக்கம் இருந்தவை நெஞ்சுயர மேசைகள். 42 அங்குல உயரம், 30 அங்குல அகலம். அந்த அகலத்தில் ஒரு பூச்சாடி, ஒரு மெழுகுவத்தி, யாரோ ஒரு அம்மாவின் கைப்பை. முழங்கை வைக்கலாம். ஒன்று மட்டும்.

சரி, ஏதாவது குடிக்கலாம் என்று போனால் வரிசை. 1806ஆம் ஆண்டில், நியூயார்க் மாநிலத்து ஹட்சன் ஊர்ப் பத்திரிகை ஒன்றில், காக்டெயில் என்றால் என்ன என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு என்று ஆசிரியர் பதில் எழுதினார். நாலே பொருள். இருநூறு வருஷத்துக்கு மேல் வளர்ந்த மனித குலம் இன்று அதில் ஒரு ரோஸ்மேரிக் காம்பைக் கொளுத்திச் செருகுகிறது. புகை வர வேண்டும். புகையை வாங்குகிறவர் படம் எடுக்க வேண்டும். சரியாக விழவில்லை என்றால் மறுபடியும் கொளுத்த வேண்டும். பார்டெண்டரைச் சொல்லிக் குற்றமில்லை, அத்தனை பேருக்கும் அவர் ஒருவர்தான். நான் கேட்டதோ வெறும் சோடா. ‘புகை வேண்டாமா சார்?’ என்று பரிதாபமாகப் பார்த்தார்.

அப்புறம்தான் அந்தத் தட்டு வந்தது.

இந்தத் துண்டு பலகாரங்களுக்குக் கனபே என்று பெயர். பிரெஞ்சில் அது சோபாவைக் குறிக்கும் சொல். மனிதர்கள் சோபாவில் உட்காருவதுபோல ரொட்டித் துண்டின்மேல் ஒரு சீஸோ மீனோ உட்கார்ந்திருக்கிறதே, அதனால் வந்த பெயர். கவனியுங்கள், அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது அந்த மீன் மட்டும்தான். அதுவும் யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்தச் சோளப்பொரியும் சமையலறைக் கதவோரம் நிற்கிற ஏழெட்டுப் பேரைத் தாண்டி வருவதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த இடத்தைப் பிடித்துவைத்திருக்கும் குடும்பம் ஒன்று உண்டு. அவர்களுக்கு முன் அனுபவம்.

எனக்குக் கிடைத்தது இறால். ஒரே ஓர் இறால், மூங்கில் குச்சியில். விரல் நீளக் குச்சி, தலையில் சின்னதாக ஒரு முடிச்சு, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வாயில் போட்டேன், இரண்டு நொடியில் இறால் முடிந்தது. குச்சி முடியவில்லை.

இதை எங்கே போடுவது? இடது கையில் சோடா, வலது கையில் சாஸ் சொட்டுகிற குச்சி. எடுத்த தட்டிலேயே வைக்கலாம் என்றால் பையன் தட்டைச் சட்டென்று பின்னால் இழுத்து, ‘சார், இது மற்றவங்களுக்கு’ என்றான். நியாயம்தான். எச்சில் குச்சி. அப்படியானால் எச்சில் குச்சிக்கு ஒரு கிண்ணம் எங்கே தம்பி? குப்பைத் தொட்டி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. தொட்டி படத்தில் விழுந்துவிடுமாம். மேசையில் வைக்கலாம் என்றால் வெள்ளைத் துணி, பக்கத்தில் அந்த அம்மாவின் கைப்பை, அதன் பக்கத்தில் அந்த அம்மா. மூலையில் ஒரு செடித்தொட்டி இருந்தது. இயல்பாக இருப்பதுபோல நடந்து போய், இயல்பாகக் குனிந்தேன். பளிச்! விருந்தினரை அவர்களுக்குத் தெரியாமல் இயல்பாகப் படம் எடுப்பதற்கென்றே இரண்டாவது போட்டோகிராபர் ஒருவர் திரிந்துகொண்டிருந்தார். கல்யாண ஆல்பத்தில் நான் செடியோடு ரகசியம் பேசிக்கொண்டிருப்பேன்.

குச்சியோடு திரும்பினால், ‘என்ன தம்பி, என்னைத் தெரியுதா?’ என்று ஒரு பெரியவர் கையை நீட்டுகிறார். தெரியவில்லை. ஆனால் கை கொடுக்க வேண்டுமே. குச்சியை இடது கைக்கு மாற்றினேன், அது நேராகச் சோடாவுக்குள் இறங்கியது. பிசுபிசுத்த கையால் குலுக்கினேன். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ‘நீங்க பெண் பக்கமா, மாப்பிள்ளை பக்கமா?’ என்றார். அந்த மாலையில் அது ஆறாவது முறை. நாலு பேரோடு பழகத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்களே, அந்தப் பழக்கம் மொத்தமும் இந்த ஒரு கேள்வியும், ‘பசிக்குதில்ல?’ என்ற அடுத்த கேள்வியும்தான்.

பசித்தது. அதுதான் பிரச்சினையே. அடுத்த தட்டு வந்தபோது மானத்தைவிட வயிறு பெரிதாகிவிட்டது. இரண்டாவது குச்சி. மூன்றாவது. நாலாவதின்போது ஊதுபத்தி விற்க வந்தவன்போல நின்றுகொண்டிருந்தேன். சோடாவில் இறால் வாசனை.

கோட்டுப் பையில் போட்டுவிடலாம் என்று அப்போதுதான் புத்தி வேலை செய்தது. மூடியைத் தூக்கிக் குச்சியை விட்டால், போகவில்லை. விரலால் தடவினேன். தையல். அந்தப் பக்கம் பார்த்தேன், அதுவும் தையல். மூடி இருக்கிறது, பை இல்லை! வேறு வழியில்லாமல் நாலையும் கால்சட்டைப் பைக்குள் திணித்தேன்.

கதவு திறந்ததும் ஓடினோம். ஓடவில்லை, நாகரிகமாக வேகமாக நடந்தோம். என் மேசையைத் தேடிப் பிடித்து, ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு அப்புறம், முதல் முறையாக, முழு உடம்பையும் நாற்காலியில் இறக்கினேன்.

நாலு குச்சியும் தொடையில் ஏறின.

‘ஐயோ!’ என்று கத்திக்கொண்டு எழுந்தேன். சரியாக அந்த நொடியில்தான் வாசலில் பெண்ணும் மாப்பிள்ளையும். நான் உற்சாகத்தில் எழுந்ததாக நினைத்துப் பக்கத்து மேசை எழுந்தது, அடுத்த மேசை எழுந்தது, கூடமே எழுந்து கைதட்டியது. மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கும்பிட்டான். கண் கலங்கியிருந்தான். எனக்கும் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பையே இல்லாமல் பைக்கு மூடி மட்டும் தைக்கிற உலகத்தைக் கால் மணி நேரம் திட்டினேன். மனைவி பேசாமல் கோட்டை எடுத்தாள். நகவெட்டிக் கத்தரியால் ஒரு நூலை நறுக்கி இழுத்தாள். பை திறந்தது. கடையில் தொங்கும்போது வடிவம் கெடாமல் இருக்கப் போட்ட ஓட்டுத் தையலாம், வாங்கியதும் பிரித்துவிட வேண்டுமாம்.

ஆறு வருஷமாக அந்தக் கோட்டைப் போடுகிறேன். எத்தனை கல்யாணம்! சிரிப்பதா அழுவதா தெரியாமல் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டுவரை போனது. நல்ல ஆழம், பட்டுத் துணி, ஐம்பது குச்சி தாங்கும். அது சரி, விற்கும்போது இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அந்தக் கடைக்காரர் வாய் தேய்ந்தா போயிருக்கும்?