ரியாக்ட் நேட்டிவ் வெப்வியூ இல்லை

புது ஆப் எழுத ரியாக்ட் நேட்டிவா, ஃப்ளட்டரா (ஒரே கோடுல ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு ரெண்டுக்கும் ஆப் எழுதுற கருவிகள்)ன்னு ஒருத்தர் கேட்டதுக்கு, ஃப்ளட்டரைச் சிபாரிசு பண்ணி, "ரியாக்ட் நேட்டிவ்னா ஆப்புக்குள்ள வெப்சைட்டைத் திறந்து காட்டுறதுதான், அதனாலதான் ஏர்பிஎன்பி அதைத் தூக்கிப் போட்டது"ன்னு மேலே எழுதியிருக்கீங்க. ரெண்டுமே தப்பு நண்பரே.

வெப்வியூவுக்குள்ள (ஆப்புக்குள்ள வெப் பக்கத்தைக் காட்டுற பகுதி) ஓடுறது கார்டோவா, அயானிக் வகைக் கருவிகள். ரியாக்ட் நேட்டிவ்ல லாஜிக் ஜாவாஸ்கிரிப்ட்ல ஓடும். திரையில வர்றது ஐஓஎஸ், ஆண்ட்ராய்டோட சொந்த வியூக்கள் (பட்டன் மாதிரி திரை உறுப்புகள்). சொல்லப்போனா, பட்டனைக்கூடத் தானே வரைஞ்சுக்கிறது நீங்க சிபாரிசு பண்ற ஃப்ளட்டர்தான். (அது குறையில்ல. ரெண்டு போன்லயும் ஒரே தோற்றம் கிடைக்கும்.)

தங்குமிட வாடகை நிறுவனமான ஏர்பிஎன்பி ரியாக்ட் நேட்டிவ்லேர்ந்து விலகுறதா அறிவிச்சது 2018-ல. அவங்ககிட்ட ஏற்கெனவே பெரிய நேட்டிவ் ஆப்கள் (ஐஓஎஸ், ஆண்ட்ராய்டுக்குத் தனித்தனியா எழுதினது) இருந்துச்சு. அதுக்குள்ள சில பகுதிகளை மட்டும் ரியாக்ட் நேட்டிவ்ல எழுதினாங்க. கடைசியில ரெண்டு தளத்துக்குப் பதிலா மூணைப் பராமரிக்க வேண்டியதாச்சு. தொழில்நுட்பக் குறைகளையும் சொன்னாங்க, மறுக்கல. ஆனா ஜாவாஸ்கிரிப்டுக்கும் நேட்டிவ் பகுதிக்கும் நடுவுல தகவல் கடத்த அப்போ இருந்த பழைய பிரிட்ஜ் இன்னைக்கு இல்ல. 2024-ல வந்த 0.76 பதிப்புலேர்ந்து புது ஆர்க்கிடெக்சர்தான் இயல்புநிலை.

கேள்வி கேட்டவர் புதுசா ஆரம்பிக்கிறார், டீம்ல எல்லாருக்கும் ரியாக்ட் (ரியாக்ட் நேட்டிவுக்கு அடிப்படையான ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) தெரியும்ங்கிறார். அவங்களை ஃப்ளட்டருக்கான டார்ட் மொழியைப் படிக்கச் சொல்ல இந்தக் காரணம் போதாது. ப்ளூடூத், பின்னணி லொக்கேஷன் மாதிரி தேவை இருந்தா, அதுக்கான பிளக்இன்களை ரெண்டுலயும் ஓட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணட்டும்.