பூட்டு கருவறைக்கா, கோபுர வாசலுக்கா?

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள சோழர் கோயில்களை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று இரண்டு நாள் விடுப்பும் நாலாயிரம் ரூபாயும் ஒதுக்கிக்கொண்டு கிளம்பினேன். கோயிலுக்குள் இருந்த நேரத்தைவிடப் பூட்டிய வாசலில் கிடந்த நேரமே அதிகம் என்ற எரிச்சலோடு திரும்பியிருக்கிறேன்.

முதல் நாள் காலை தாராசுரத்தில் நன்றாகத்தான் தொடங்கியது. நகரப் பேருந்தில் அம்மாவுக்குக் கட்டணம் கிடையாது. எனக்கு மட்டும் சீட்டு. இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலில், கருவறைப் புறச்சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் சாண் உயரச் சிற்பங்களாக வரிசையாக இருப்பதைக் கண்டதும், மூட்டுவலியை மறந்து குனிந்து குனிந்து பார்த்தார். எனக்குக் கல்லாக மட்டுமே தெரிந்த ஒன்றைக் காட்டி, "இது கண்ணப்பர்டா, கண்ணைப் பிடுங்கறார் பாரு" என்றார். அறுபத்தேழு வயதில் அவர் அப்படி மலர்ந்து நின்றதைப் பார்த்து, வந்த செலவுக்கு இதுவே ஈடாகிவிட்டது என்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

அடுத்துப் போன கோயிலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த வட்டாரத்தில் எந்தக் கோயிலின் பெயரைப் போட்டாலும் கதை ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும். பேருந்து எங்களை இறக்கிவிட்டபோது மணி பதினொன்று ஐம்பது. செருப்பை விட்டுவிட்டு வருவதற்குள் காவலர் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். "நடை சாத்தியாச்சு, நாலு மணிக்கு வாங்க" என்றார். கைப்பேசி வரைபடம் அப்போதும் 'திறந்திருக்கிறது' என்றே காட்டிக்கொண்டிருந்தது. 'கட்டணம் இல்லை' என்று எழுதிய பலகைக்குக் கீழேயே உட்கார்ந்திருந்த செருப்புக்காரர், கோயிலுக்குள் காலே வைக்காத எங்களிடம் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

உச்சிக்காலப் பூசை முடிந்தால் நடை சாத்துவது வழக்கம். சுவாமி ஓய்வெடுக்கட்டும், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் கருவறைக்குப் போட வேண்டிய பூட்டைக் கோபுர வாசலுக்கே போட்டு, நூறு பேர் நிழலில் படுத்து இளைப்பாறக்கூடிய மண்டபத்தை வவ்வாலுக்கு விட்டுவிட்டு, மூட்டுவலிக்காரர்களை வெயிலில் நிறுத்துவது எந்த ஆகமத்தில் இருக்கிறது? காரில் வந்தவர்கள் கதவைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக் குளிர்சாதன உணவகத்துக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கு அடுத்த பேருந்து ஒன்றரை மணிக்கு. ஆட்டோக்காரர் கேட்ட தொகையோ எங்கள் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு. ஆக, தேநீர்க் கடையின் ஆடும் பெஞ்சுதான் கதி. உட்கார்ந்த பாவத்துக்கு நான்கு தேநீர் குடித்தோம், அதாவது நான் குடித்தேன்.

அம்மா எதையும் குடிக்கவில்லை. அங்கேதான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கழிப்பறை என்று அம்புக்குறி போட்ட கட்டடம் ஒன்று மதிலை ஒட்டி இருந்தது, அதிலும் பூட்டு. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். மூன்று மணிவரை அவர் சாப்பிட்டார்! இப்படித்தான் இருக்கும் என்று அம்மா வீட்டிலேயே கணக்குப் போட்டு, காலையிலிருந்தே தண்ணீரைத் தொண்டை நனையும் அளவுக்கு மட்டும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "வெளியூர் போனா நாங்கள்லாம் இப்படித்தான்டா" என்று அதையும் ஏதோ சமர்த்துப்போலச் சொன்னார். சித்திரை வெயிலில், இரத்த அழுத்த மாத்திரை போடும் பெண்மணி!

இதே தஞ்சை மண்ணில், இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பதற்காக, ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டி வைத்தார் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி. நடந்து வருகிறவனுக்குக் காலும் வயிறும் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாமோ 1987இல் தஞ்சைப் பெரிய கோயிலும், 2004இல் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆனதைப் பலகை வைத்துக் கொண்டாடுகிறோம். பார்க்க வருகிறவர்கள் பன்னிரண்டு மணிக்கு மேல் எங்கே உட்காருவார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. நான் கேட்பது தங்கும் விடுதியும் அல்ல, மின்தூக்கியும் அல்ல. நான்கு கல் பெஞ்சு, ஒரு கீற்றுக்கொட்டகை, பூட்டாத கழிப்பறை, நடை திறக்கும் நேரத்தைச் சரியாக எழுதிய பலகை. உண்டியல் வருமானத்தில் இதற்கு இடமில்லை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

நாலு மணிக்குத் திறக்க வேண்டிய கதவு நாலேகாலுக்குத் திறந்தது. அதுவரை வெயில் குடித்த கல்தரையில் அம்மா துள்ளித் துள்ளி நடந்து சன்னிதிக்குப் போனால், "நகருங்க, நகருங்க" என்றார்கள். முன்னால் சிறப்புத் தரிசனச் சீட்டுக்காரர்கள், மதியம் திரும்பிப்போன அதே கார்க்காரர்கள், நிதானமாக நின்று அர்ச்சனை செய்துகொண்டிருந்தார்கள்.

இரவு விடுதி அறையில் பையைப் பிரித்தேன். காலையில் நான் நிரப்பிக் கொடுத்த ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.