பெரிய டிரம் போட்டால் கிளைடர் உயரமாகப் போகுமா?

"வின்ச் டிரம் எவ்வளவு பெரிதோ, இழுவிசை அவ்வளவு அதிகம், மோட்டாரை மாற்றவே வேண்டாம்" என்று மாதிரி கிளைடர் விடுவோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. வின்ச் என்பது, டிரம் என்னும் உருளையில் மோட்டாரால் கயிற்றைச் சுருட்டி, எஞ்சின் இல்லாத கிளைடரை மேலே இழுத்து ஏற்றும் கருவி. அந்தச் செய்தி தவறு.

மோட்டார் தருவது முறுக்குவிசை. அதை டிரம்மின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் கயிற்றின் இழுவிசை. 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை இருந்தால், 80 மி.மீ. விட்ட டிரம் 250 நியூட்டன் இழுக்கும், 100 மி.மீ. டிரம் 200தான். சைக்கிளில் மேடு ஏறும்போது பெரிய கியர் போட்டுப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

சரி, பெரிய டிரம்மால் பயனே இல்லையா? இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 25 செ.மீ.க்குப் பதில் 31 செ.மீ. கயிறு சுருளும். எடை குறைந்த கிளைடர், காற்றில்லாத நாள் என்றால் அந்த வேகம் உதவும். கனமான கிளைடரோ பலத்த காற்றோ என்றால் மோட்டார் திணறும், மின்னோட்டம் எகிறும், பேட்டரி சரியும். கயிறு சுற்றச் சுற்ற டிரம்மின் விட்டம் கூடுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சந்தேகமிருந்தால் கயிற்றின் நுனியில் ஒரு தொங்கு தராசை மாட்டி, இரண்டு டிரம்களிலும் நொடிநேரம் இழுத்துப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.